ஆரஞ்சு பச்சையாகும் வரை

மண் அள்ளும் இயந்திரத்தின் கையில், ஹைட்ராலிக் சிலிண்டருக்குள் போய்வரும் ராடைப் பார்த்திருப்பீர்கள். முகம் பார்க்கலாம் போலப் பளபளக்குமே, அதுதான். அந்தப் பளபளப்புக்குப் பெயர் ஹார்ட் குரோம், அதாவது மின்சாரம் செலுத்தி எஃகின் மேல் ஏற்றும் கடினமான குரோமிய முலாம். 14 வருடமாக எனக்கு அதுதான் வேலை. போன வாரம் ஒருவர் ஒரு ராடைக் கொண்டுவந்து வைத்தார். ஊசிமுனை அளவில் அங்கங்கே பழுப்புப் புள்ளிகள். “எவர்சில்வரில் இருப்பதும் குரோமியம்தானே, அது துருப்பிடிப்பதில்லை. இது மட்டும் ஏன் பிடிக்கிறது?” என்று கேட்டார். நின்றபடி சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

எவர்சில்வரில் குரோமியம் இரும்போடு உருகிக் கலந்திருக்கிறது. குறைந்தது 10.5 சதவீதம் இருந்தால்தான் அந்தப் பெயருக்கே தகுதி. அதிகம் புழங்கும் 304 ரகத்தில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். மேற்பரப்பில் இருக்கும் குரோமியம் காற்றுப் பட்டதும் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு ஒரு படலமாகிவிடும். தடிமன் சில நானோமீட்டர். தலைமுடி ஒன்றின் தடிமனை ஆயிரம் பங்கு போட்டாலும், ஒரு பங்கு இந்தப் படலத்தைவிடத் தடிமனாகத்தான் இருக்கும். கீறினால் என்ன ஆகும்? அடியிலும் குரோமியம் இருப்பதால் கீறிய இடத்தில் புதுப் படலம் உடனே மூடிக்கொள்ளும். பாத்திரத்தை எத்தனை வருடம் தேய்த்தாலும் அது துருப்பிடிக்காமல் இருப்பதன் காரணம் இதுதான்.

ராடின் கதை வேறு. உள்ளே இருப்பது சாதாரண எஃகு. குரோமியம் மேலே போர்த்திய ஒரு சட்டை. அந்தச் சட்டை நெய்யும்போதே கிழிசலோடுதான் வருகிறது. மின்முலாமாகப் படியும் குரோமியத்துக்குள் அழுத்தம் சேர்ந்து சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மயிரிழை வெடிப்புகள் விழும். மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் வறண்ட ஏரியின் தரை மாதிரி தெரியும். அந்த இடுக்கு வழியாக ஈரம் எஃகு வரை இறங்கிவிட்டால், துருப்பிடிப்பது அடியில் உள்ள எஃகுதான், குரோமியம் அல்ல. மழையிலும் உப்புக்காற்றிலும் நிற்கும் இயந்திரம் என்றால் முதலில் நிக்கல் போட்டு, அதன்மேல் குரோம் போடச் சொல்வேன். அதே வெடிப்புகள் எஞ்சின் பிஸ்டன் ரிங்கில் நன்மை செய்கின்றன. எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கிழிசல் உள்ள சட்டையை ஏன் போடுகிறோம்? கடினத்துக்காக. கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் குரோமியம் 8.5, சுத்த உலோகங்களில் இதற்கு மேல் கடினமானதை நான் பார்த்ததில்லை. நன்றாக வந்த முலாமின் மேல் அரத்தை வைத்து இழுத்தால் கடிக்காது, வழுக்கும். உருகுநிலை 1907 டிகிரி செல்சியஸ். உராய்வும் குறைவு. தேய்மானம்தான் எதிரி என்னும் இடத்தில் இதைவிட நம்பகமான கூட்டாளி எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் முலாம் போடும் கரைசல் தொட்டிக்குள் இதைப் போலப் பிடிவாதக்கார உலோகமும் இல்லை. செம்பு, நிக்கல் முலாமில் அதே உலோகத் தகடு ஆனோடாக (மின்சாரத்தின் நேர்முனையாக) நின்று கரைந்து வேலைக்குப் போய்ச் சேரும். குரோமில் ஆனோடு ஈயம், அது கரையாது. குரோமியம் முழுவதும் கரைசலில் இருந்துதான் வர வேண்டும்: லிட்டருக்குச் சுமார் 250 கிராம் குரோமிக் அமிலம், அதில் நூற்றில் ஒரு பங்கு கந்தக அமிலம். இந்த 100க்கு 1 தவறினால் முலாம் மங்கும், இல்லை கருகும். கொடுக்கும் மின்சாரத்தில் 10 முதல் 20 சதவீதம் வரைதான் குரோமியமாகப் படிகிறது. மீதியில் பெரும்பகுதி ஹைட்ரஜன் குமிழியாகப் போய்விடும். ஒரு மணி நேரத்துக்கு 20 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஏறினால் நல்ல வேகம். அதுவும் சமமாக ஏறாது. ஓரத்திலும் மூலையிலும் கட்டிகட்டியாகச் சேரும், குழிக்குள் எட்டிக்கூடப் பார்க்காது. மின்சாரத்தை எங்கே தடுப்பது, எங்கே கம்பி கட்டித் திருப்புவது என்பதுதான் இந்தத் தொழிலின் பாதி.

அந்த ஹைட்ரஜன் எல்லாம் குமிழியாக வெளியேறிவிடும் என்று நினைக்கக் கூடாது. கொஞ்சம் எஃகுக்குள்ளேயே இறங்கிவிடும். நான் சேர்ந்து இரண்டாவது வருடம், நன்றாகக் கடினப்படுத்திய ஓர் எஃகுப் பின்னுக்கு (பாகங்களை இணைக்கும் தண்டுக்கு) முலாம் போட்டோம். அவசரம் என்று அடுப்பில் வைத்துச் சூடாக்காமலே அனுப்பிவிட்டோம். மைக்ரோமீட்டரில் அளவு கச்சிதம், பார்வைக்கு ஒரு குறை இல்லை. சுமை ஏற்றிய மூன்றாம் நாள், யாரும் தொடாத நேரத்தில் அது இரண்டாக முறிந்து கிடந்தது. யாருக்கும் அடிபடவில்லை. முறிந்த முகத்தை இன்றும் மறக்கவில்லை: வளைந்த சுவடே இல்லாமல், சர்க்கரைக் கட்டியை உடைத்தது போலப் பொடிமணியாக மின்னியது. முலாம் முடிந்த சில மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரி அடுப்பில் பல மணி நேரம் வைத்திருந்தால் ஹைட்ரஜன் வெளியேறியிருக்கும். அன்று முதல் கடின எஃகு எதுவும் அடுப்பைப் பார்க்காமல் என் கையை விட்டுப் போவதில்லை.

சரி, இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. தொட்டியில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம், அதாவது ஆறு எலக்ட்ரானை இழந்த நச்சு வடிவம். பாத்திரத்தில் இருக்கும் குரோமியத்தைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் இந்தக் கரைசலின் ஆவித்துளியைத் தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரலாம், மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழலாம். முன்பு சொன்ன ஹைட்ரஜன் குமிழிகள் வெடிக்கும்போதுதான் துளிகள் காற்றில் ஏறுகின்றன. உறிஞ்சு விசிறி ஓடவில்லை என்றால் தொட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் ரெக்டிஃபையரைப் போடவே கூடாது. இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

1797இல் வோக்லன் என்னும் பிரெஞ்சு வேதியியலாளர் சைபீரியாவிலிருந்து வந்த சிவப்புக் கனிமத்தில் இந்த உலோகத்தைக் கண்டுபிடித்தார். சேர்மத்துக்குச் சேர்மம் நிறம் மாறியதால், நிறம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வந்தது. மாணிக்கத்தின் சிவப்பும் மரகதத்தின் பச்சையும் இதன் வேலைதான்.

அந்த நிறமாற்றத்தை நான் தினமும் பார்க்கிறேன். முலாம் போட்ட பாகங்களைக் கழுவிய நீர் மஞ்சள் கலந்த ஆரஞ்சாக வந்து சேரும். அமிலத்தன்மையைச் சரிசெய்து, சோடியம் மெட்டாபைசல்பைட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்க வேண்டும். ஆரஞ்சு மங்கும், கலங்கிய பழுப்பாகும், அப்புறம் திடீரென்று பச்சை. நச்சான ஆறு இணைதிறன், அபாயம் குறைந்த மூன்றாகிவிட்டது. அதன்பின் சுண்ணாம்பு போட்டால் பச்சைச் சேறாக அடியில் படியும், தனியே எடுத்துவிடலாம். பச்சை வந்ததும் நான் நம்பிவிடுவதில்லை. ஒரு சோதனைக் குழாயில் எடுத்துச் சோதனைத் திரவத்தை விட்டுப் பார்ப்பேன். இளஞ்சிவப்பு துளி தெரிந்தாலும் ஆறு இணைதிறன் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்; நீரை வெளியே விடும் வால்வைத் திறக்க மாட்டேன், மறுபடி கலக்குவேன். நேற்று மூன்று தடவை கலக்க வேண்டியிருந்தது.