செல்ஃப் எடுக்காத பழைய டிராக்டர்: பேட்டரியைத் திட்டுறதுக்கு முன்னாடி

தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் மார்கழிக் குளிர்ல செல்ஃப் (இன்ஜினைச் சுத்தி விடுற மோட்டார்) 'டிக்'குன்னு நின்னா, உடனே பேட்டரி கடைக்கு ஓடுறோம். குளிர்ல பேட்டரி பலம் குறையும், ஆயிலும் கெட்டியாகும், நெசம்தான். ஆனா பழைய வண்டியில கரண்ட்டைத் தின்னுறது பெரும்பாலும் கேபிளும் எர்த்தும் (பேட்டரி மைனஸை வண்டி பாடியோட சேர்க்கிற இணைப்பு).

அதை மீட்டர் வச்சுப் பார்த்துடலாம். கியர் நியூட்ரல், இன்ஜின் ஓடாம இருக்க ஸ்டாப் ராடை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் செல்ஃப் அடிக்கணும். பேட்டரி பிளஸ் முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் நடுவுல 0.5 வோல்ட்டுக்கு மேல காட்டினா, கேபிளோ, அதன் நுனியில இருக்கிற லக்கோ, சாலினாய்டு (செல்ஃபுக்குக் கரண்ட் விடுற காந்த சுவிட்ச்) காண்டாக்ட்டோ போச்சு. மைனஸ் முனைக்கும் செல்ஃப் பாடிக்கும் 0.3-க்கு மேல போனா எர்த் கோளாறு. மீட்டர் முள்ளை கிளாம்ப் மேல வைக்காம ஈய முனையிலயே வைங்க. உப்பு பூத்த கிளாம்ப்தான் பாதி நேரம் திருடன். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 12 வோல்ட்டுக்கு மேலயே நின்னு மோட்டார் சுத்தலன்னா, சாலினாய்டையோ மோட்டாருக்குள்ள இருக்கிற கார்பன் பிரஷ்ஷையோ பாருங்க.

கேபிள் மாத்தினா 50 ஸ்கொயர் எம்எம் சுத்தச் செம்பு. செம்பு பூசின அலுமினியமும் கலந்து விக்குது, நுனியைச் சுரண்டினா வெள்ளையா தெரியும். லக்கை ஈயம் வச்சு ஒட்டாதீங்க, சூட்டுல இளகும். அழுத்திக் கிரிம்ப் பண்ணுங்க. எர்த் கேபிளை சேசிஸ்ல எங்கயோ விடாம, பெயின்ட் சுரண்டி செல்ஃப் மாட்டுற போல்ட்டுக்கே கொண்டு போங்க. கழட்டும்போது மைனஸ் முதல்ல, மாட்டும்போது கடைசியில.

சாலினாய்டு இழுக்கிற கரண்ட்டைப் பழைய சாவி சுவிட்ச் தாங்காது. 40 ஆம்பியர் ரிலே (சின்ன கரண்ட்டால பெரிய கரண்ட்டைத் திறக்கிற சுவிட்ச்) போடுங்க. அதன் கால்கள்ல இருக்கிற எண்படி: 30-க்கு பியூஸ் வழியா பேட்டரி, 87-ல இருந்து 4 ஸ்கொயர் எம்எம் வயர் சாலினாய்டுக்கு, 85 எர்த், 86-க்கு சாவியிலிருந்து நியூட்ரல் சுவிட்ச் (கியர் நியூட்ரல்ல இருந்தா மட்டும் கரண்ட் விடுறது) வழியா. அந்த நியூட்ரல் சுவிட்சை 'தொல்லை'ன்னு நேரடியா முடிச்சுப் போடுறவங்க உண்டு. கியர்ல நிக்கிற வண்டிக்குப் பக்கத்துல தரையில நின்னு செல்ஃப் அடிச்சா சக்கரம் ஆளு மேலயே ஏறும்.

பேட்டரியை சார்ஜ் பண்ணுற பழைய டைனமோவை எடுத்துட்டு ஆல்டர்னேட்டர் போடும்போது, டைனமோவோட வந்த கட்-அவுட் பெட்டியையும் சேர்த்துக் கழட்டிடணும். 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்கு 10 ஸ்கொயர் எம்எம் வயர், பேட்டரி பக்கம் 60 ஆம்பியர் பியூஸ். டேஷ்ல இருக்கிற 30 ஆம்பியர் மீட்டர் வழியா அதை விடாதீங்க, கருகும். வோல்ட் மீட்டர் போதும். சார்ஜ் லைட் பல்பு வெறும் அலங்காரம் இல்ல. அது வழியாத்தான் ஆல்டர்னேட்டர் எழும்புது. பல்பு இல்லாம பேட்டரியிலிருந்து வயரை நேரா இழுத்தா ராத்திரியெல்லாம் கரண்ட் இறங்கி, காலையில மறுபடியும் 'டிக்'.

வண்டி ஓடும்போது பேட்டரி முனையைக் கழட்டி 'சார்ஜ் ஆகுதா' பார்க்கிறது டைனமோ காலத்துப் பழக்கம். டீசல் இன்ஜின் பேட்டரி இல்லாமலும் ஓடும், அதனால ஒண்ணும் தெரியாது. ஆல்டர்னேட்டர் டையோடுதான் போகும். நடுத்தர வேகத்துல பேட்டரி முனையில 13.8-லிருந்து 14.4 வரை காட்டினா சரி. குறைஞ்சா முதல்ல பெல்ட்டைக் கட்டைவிரலால அழுத்துங்க, 10 எம்எம் அளவுதான் அமுங்கணும்.