நாவலூர் ஃப்ளாட்டுக்கு சாமான் போட்ட நாட்குறிப்பு

7 ஜூன் 2025, சனி

சென்னை நாவலூர் ஃப்ளாட் சாவி கைக்கு வந்தாச்சு. ரெண்டு பெட்ரூம், மூணாவது மாடி. நாங்க இருக்கறது குரோம்பேட்டை, அதனால இதை வாடகைக்குத்தான் விடப் போறோம், எங்க குடும்பத்துலயே ஒருத்தர் ஹவுஸ் ஓனர் ஆகறது இதுதான் முதல் தடவை. பக்கத்துல சிறுசேரி சிப்காட் ஐடி பார்க்ல வேலை பாக்கறவங்கதான் இங்க வீடு தேடறாங்க, சோஃபா டிவி ஃப்ரிட்ஜ் எல்லாம் போட்டு ஃபுல்லி ஃபர்னிஷ்டா குடுங்க மேடம், வாடகை நல்லா ஏத்தலாம்னு புரோக்கர் சொல்றாரு. எனக்கு அதுல இஷ்டமில்ல. வருஷக்கணக்கா வாடகை வீட்டுலயே இருந்தவ நான், ஓனரோட பழைய பீரோ ஒரு ரூமையே அடைச்சுக்கிட்டு நிக்க எங்க துணிமணியை மூட்டை கட்டி வெச்சு வாழ்ந்திருக்கோம். செவுத்துல துளை போட வேண்டியது, தண்ணி கரண்ட் சம்பந்தப்பட்டது, இதெல்லாம் என் பொறுப்பு. தூக்கிட்டுப் போற சாமான் குடியிருக்கறவங்களோடது. கட்டில் மட்டும் விதிவிலக்கு, மாடி ஏத்தி இறக்கறது பெரும்பாடு.

14 ஜூன், சனி

இன்னிக்கு பூரா கிச்சன்தான். ஒரு கடையில காட்டின கபோர்டு சாம்பிள் மேல லேமினேட் ஒட்டி பளபளன்னு இருந்துச்சு, வெட்டின ஓரத்தை நகத்தால சுரண்டிப் பாத்தா மரத்தூளா உதிருது. பார்ட்டிகல் போர்டு. சிங்க்குக்கு அடியில லேசா ஒழுகினா போதும், ஊறி உப்பிப் போயிடும், அப்புறம் கீலுக்குப் போட்ட ஸ்க்ரூ நிக்காது, ரிப்பேரும் பண்ண முடியாது. வேணாம்னுட்டு நம்ம ஆசாரியையே வரச் சொல்லிட்டேன். அவர் சொன்னது: "பிளைவுட்ல முத்திரையைப் பாருங்கம்மா, ரூம் அலமாரிக்கு 303 போதும், தண்ணி படற இடத்துக்கு 710 போட்டுடுவோம்." பலகையைத் திருப்பி ஐஎஸ்ஐ குறிக்குக் கீழ அந்த நம்பரை அவரே தொட்டுக் காட்டினார். விலை கூடத்தான். ஆனா அஞ்சு வருஷம் கழிச்சு ஒரு கதவு தொங்கினா அவரே வந்து சரி பண்ணிடுவாரு, எனக்கு அதுதான் முக்கியம்.

18 ஜூன், புதன்

ஃபேன் விஷயத்துல என் கணவருக்கும் எனக்கும் நேத்து ராத்திரி பெரிய விவாதம். கரண்ட் பில் கட்டப் போறது குடி வர்றவங்க, நாம ஏன் காசு கூடப் போட்டு கரண்ட் கம்மியா இழுக்கற பிஎல்டிசி ஃபேன் வாங்கணும்கறார். கணக்கு போட்டுக் காமிச்சேன். சாதாரண ஃபேன் 75 வாட், இது 32 வாட். நாலு ஃபேன் தினம் 12 மணி நேரம் ஓடினா ரெண்டு மாச பில்லுல 120 யூனிட்டுக்கு மேல மிச்சம். கோடையில ஏசியும் ஓடும், 500 யூனிட்டைத் தாண்டினா ஸ்லாபே மாறி யூனிட் ரேட் ஏறிடும், ஒரு குடும்பத்துக்கு அது சின்ன காசு இல்ல. ஒத்துக்கிட்டார்.

கீசர் 15 லிட்டர் ஸ்டோரேஜ், ரெண்டு பாத்ரூமுக்கும். இந்தப் பக்கம் போர் தண்ணி உப்பு, வெயில் காலத்துல டேங்கர் லாரி வேற. உள்ள இருக்கற காயில்ல உப்பு படிஞ்சு சுண்ணாம்பு மாதிரி ஒட்டிக்குமாம், டேங்க் அரிக்காம இருக்க மெக்னீசியம் ராடு ஒண்ணு இருக்கு, டேங்குக்குப் பதிலா அதுதான் கரையும், அதனால வருஷா வருஷம் கழட்டிப் பாத்து மாத்தணும்னு எலக்ட்ரீஷியன் தம்பி சொன்னார். அந்த சர்வீஸ் என் செலவுன்னு அக்ரிமெண்ட்லயே எழுதிடப் போறேன்.

22 ஜூன், ஞாயிறு

எல்லா ஜன்னலுக்கும் கொசுவலை அடிச்சாச்சு. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துல இருந்து நாவலூர் வரைக்கும் இந்தப் பக்கம் பூரா தாழ்வான பூமி, சாயந்திரம் ஆறு மணி ஆனா ஜன்னலைத் திறக்க முடியாது, வலை இல்லாத வீட்டுல குழந்தைங்களை வெச்சுக்கிட்டு எப்படித்தான் இருக்கறது. கடல் காத்துல சாதா கம்பி வலை துருப்பிடிக்கும்னு 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல போட்டோம். கட்டிலும் அதே காரணத்துக்காக இரும்பு வேணாம்னு பழைய தேக்குக் கட்டில் ரெண்டு வாங்கி பாலிஷ் போட்டாச்சு. மெத்தை நான் வாங்கல, அடுத்தவங்க படுத்த மெத்தையில படுக்க யாருக்குப் பிடிக்கும். எழும்பூர் பாந்தியன் ரோட்டுல துணி எடுத்து கர்ட்டன் தைக்கக் குடுத்திருக்கேன். பால்கனியில கயிறு இழுத்து ஏத்தி இறக்கற துணி காயப்போடற ஹேங்கர், கிச்சன்ல சின்னதா ஒரு சாமி ஷெல்ஃப். அந்த ஷெல்ஃபுல எந்தப் படத்தை வெச்சாலும் சரி, மசாலா டப்பா வெச்சாலும் சரி.

28 ஜூன், சனி

புரோக்கர் போன். "வெஜ் மட்டும்னு போடட்டுமா மேடம்? பேச்சிலர் வேணாம்தானே?" அந்த ரெண்டு கண்டிஷனுமே போட வேணாம்னு சொன்னேன். மீன் குழம்பு வெக்கறாங்களான்னு கேக்க நான் யாரு? புகை போக சிம்னியும் எக்ஸாஸ்ட் ஃபேனும் போட்டிருக்கேன், வாடகை ஒழுங்கா வந்தா போதும்.

30 ஜூன், திங்கள்

ஒரு ஜோடி வந்து பாத்தாங்க, ரெண்டு பேருக்கும் சிறுசேரியில வேலை, பிடிச்சிருக்குன்னுட்டாங்க. சென்னையில பத்து மாச அட்வான்ஸ் கேக்கற பழக்கம் இன்னும் போகல, 2017ல வந்த வாடகைச் சட்டம், வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக்கூடாதுங்குது. நான் மூணு மாசம்தான் கேட்டேன், அந்தப் பொண்ணு நெஜமாவான்னு ரெண்டு தடவை கேட்டுச்சு.

ஆடிட்டர்கிட்டயும் பேசினேன். வாங்கின சாமானுக்கு பில்லு காட்டி வரியில கழிக்க முடியாது, செலவு எவ்ளோ ஆனாலும் வாடகையில 30 சதவீதம் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்தான், லோன் வட்டி தனிக் கணக்கு. பில்லெல்லாம் ஃபைல்ல இருக்கட்டும், வாரண்டிக்கு வேணும்.

5 ஜூலை, சனி

சாவி குடுத்தாச்சு. அதுக்கு முன்னாடி மூணு பேருமா ரூம் ரூமா போய் லிஸ்ட் போட்டோம், ஃபேன் கம்பெனி, கீசர் சீரியல் நம்பர், எந்தக் கட்டில் கால்ல ஏற்கெனவே கீறல் இருக்கு, எல்லாம் போட்டோவோட. ரெண்டு பக்கமும் கையெழுத்து போட்டு அக்ரிமெண்ட்டோட இணைச்சாச்சு. தேய்மானத்துக்கு அட்வான்ஸ்ல பிடிக்க மாட்டேன், உடைஞ்சா மட்டும்தான்னு அதுலயே எழுதியிருக்கு. கிளம்பறப்ப அந்தப் பையன் தயங்கித் தயங்கி, "ஆன்ட்டி, சின்ன ரூம்ல கட்டில் வேணாம், அதுக்குப் பதிலா வேலை பாக்க ஒரு டேபிள் போட்டுத் தர முடியுமா, வாரத்துல ரெண்டு நாள் வீட்டுல இருந்துதான் வேலை"ன்னு கேட்டார். கட்டில் குரோம்பேட்டைக்கு வருது. ஆசாரிகிட்ட சொல்லிட்டேன், வர்ற புதன்கிழமை அளவெடுக்கப் போறார், மிச்சம் இருக்கற 303 பலகையே போதுமாம்.