கருந்துளைக்குத் தரை இல்லை என்பதை எப்படி அறிகிறோம்?

இலங்கையின் ஹற்றனில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். 2019 ஏப்ரல் 10 அன்று வெளியான, எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையின் படத்தைக் காட்டும்போதெல்லாம், "நடுவில் தெரியும் கறுப்புத்தான் நிகழ்வெல்லையா, சேர்?" என்று யாராவது கேட்பார்கள். (நிகழ்வெல்லை என்பது, கடந்துவிட்டால் ஒளியும் திரும்பி வரமுடியாத எல்லை.) இல்லை. 6.5 பில்லியன் சூரியத் திணிவுள்ள அப்பொருளைச் சுற்றி வளைந்து வரும் ஒளியே வளையமாகத் தெரிகிறது. உள்ளிருக்கும் நிழல், சுழலாத கருந்துளையாயின், நிகழ்வெல்லையைவிட ஏறத்தாழ 2.6 மடங்கு அகலமானது.

அப்படியானால் தரை, அதாவது மேற்பரப்பு, இல்லை என்பதற்குச் சான்று எது என்று கேட்டால், படமெடுக்க முடியாத சிறிய பொருள்களையே நான் முதலில் காட்டுவேன். பெரிய விண்மீன் வெடித்தபின் எஞ்சும், மிக அடர்ந்த ஆனால் மேற்பரப்புள்ள நியூத்திரன் விண்மீனொன்று தன் துணை விண்மீனிலிருந்து வாயுவை இழுக்கும்போது, அந்த ஐதரசனும் ஈலியமும் அதன் மேற்பரப்பில் படிந்து, அழுத்தமும் வெப்பமும் ஏறி, ஒரு கட்டத்தில் அணுக்கரு இணைவால் சட்டெனப் பற்றிக்கொள்கின்றன. சில விநாடிகளில் உச்சம் தொட்டு, பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களுக்குள் தணிந்துவிடும் எக்ஸ் கதிர் வெடிப்பாக அது நமக்குத் தெரிகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட நியூத்திரன் விண்மீன்களில் கண்ட இந்த வெடிப்பு, மூன்று சூரியத் திணிவைத் தாண்டியது என்று உறுதியான, அதாவது கருந்துளை எனக் கருதப்படும், எந்தப் பொருளிலும் காணப்படவில்லை. மேற்பரப்பு இருந்தால் அவையும் வெடித்திருக்க வேண்டும் என்பதை, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ரமேஷ் நாராயணும் ஜெரமி ஹெயிலும் 2002இல் கணக்கிட்டுக் காட்டினர். டெவன் அருவி இரைவது கீழே பாறை இருப்பதால்தான். விழும் நீர் ஓசையே எழுப்பாவிட்டால், அடியில் தரை உண்டா என்றல்லவா ஐயுறுவோம்?

நமது பால்வீதியின் நடுவில், தனுசு ராசித் திசையில் உள்ள நாற்பது இலட்சம் சூரியத் திணிவுப் பொருளிலும் இதே கதைதான். அதற்கு மேற்பரப்பு இருந்தால், விழும் வாயுவின் ஆற்றல் அதைச் சூடாக்கி அகச்சிவப்பில் ஒளிரச் செய்திருக்கும். அளந்த ஒளியோ அந்த எதிர்பார்ப்பைவிட மிகக் குறைவு.

இவை யாவும் மறைமுகச் சான்றுகள். நிகழ்வெல்லைக்கு மயிரிழை மேலே ஒரு மேற்பரப்பு இருந்தாலும் அதன் ஒளி செம்பெயர்ச்சியால் (கடும் ஈர்ப்பிலிருந்து வெளியேறும்போது ஆற்றல் இழந்து அலைநீளம் கூடுவதால்) மங்கிவிடுமாதலால், ஒளியை மட்டும் கொண்டு முடிந்த முடிவாக எதையும் நிறுவ இயலாது என வானியற்பியலாளர்களான அப்ரமோவிச், க்ளூஷ்னியாக், லசோட்டா ஆகியோர் 2002இலேயே வாதிட்டனர். வாதம் சரியே. ஆனால் அந்த மேற்பரப்பை எல்லையருகே நெருக்க நெருக்க, அதை உள்ளே சரியவிடாமல் தாங்குவது எது என்று சொல்லும் பொறுப்பும் அப்படியொரு மேற்பரப்பு உண்டு என்போர் தலையில் ஏறிக்கொண்டே போகிறது.