அச்சுப் பிசகாத காலுறை

ஐப்பசி பிறந்துவிட்டால் குன்னூரில் துவைத்த துணி காய்வதில்லை. இடம் மட்டும் மாறுகிறது. வாசல் கொடியிலிருந்து கூடத்து நாற்காலிக்கும், அங்கிருந்து கணப்படுப்பின் ஓரத்துக்கும் யாத்திரை போய், புகை வாசனையோடு ஈரமாகவே பீரோவுக்குள் நுழைகிறது. எனவே பின்னறையில் நான் கட்டிக்கொண்டிருக்கும், கணினி சொல்படி பொருளைச் செதுக்கும் சி.என்.சி. இயந்திரத்தின் மேல் அத்தையின் கண் விழுந்ததில் வியப்பில்லை.

நேற்று இரவு, 600க்கு 400 மி.மீ. மேசையின் முன்மூலைகளிலிருந்து, வெட்டுமுனையைச் சுமக்கும் குறுக்குப் பாலத்தின் எதிர்முனைகளுக்கு அளந்த இரண்டு மூலைவிட்டங்களும் ஒருவழியாக 721 மி.மீ. என்று ஒத்துவந்தன. பாலம் முன்னும் பின்னும் நகரும் ஒய் அச்சில் பக்கத்துக்கு ஒரு மோட்டாரும் ஒரு திருகுத்தண்டும் உண்டு. இரண்டும் சேர்ந்து நகர்ந்தால்தான் மேலே நிற்கும் பாலம் கோணாமல் இருக்கும். அடுத்து, வெட்டுமுனையைச் சுழற்றும் ஸ்பிண்டில் மேசைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க, அதில் நுண்ணிய மேடுபள்ளத்தையும் முள்ளால் காட்டும் டயல் கேஜைப் பொருத்தி மேசைமேல் ஒரு வட்டம் சுற்றினேன். முள் இரண்டு கோட்டுக்குமேல் அசையவில்லை. ஒரு கோடு என்பது 0.01 மி.மீ. அந்த டயல் கேஜ், அருவங்காட்டுத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற எதிர்வீட்டு மாமாவுடையது. பேரனைக் கேட்டால்கூட யோசிக்காமல் தந்துவிடுவார். டயல் கேஜைத் தருவதற்குப் பஞ்சாங்கம் பார்ப்பார்.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த செங்கோணம் விடியும்வரை குலையக் கூடாதென்று, இயந்திரத்தை ஓட்டும் மென்பொருளான ஜி.ஆர்.பி.எல்.லில் 'டாலர் ஒன்று' என்னும் அமைப்பை 255 ஆக்கிவிட்டுப் படுத்தேன். அப்படி வைத்தால், வேலை இல்லாத நேரத்திலும் மோட்டாருக்குப் போகும் மின்னோட்டம் நிற்காது. அது தண்டை இறுகப் பிடித்துக்கொண்டே இருக்கும். இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கும் ஸ்டெப்பர் மோட்டார், அதாவது படிப்படியாக நகரும் இந்த வகை மோட்டார், நன்றாகச் சுடும். அது அதன் இயல்பு, கோளாறு அன்று. இந்தச் சூட்டை வீட்டில் முதலில் கண்டுபிடித்தது பூனை. இரண்டாவதாகக் கண்டுபிடித்தவர் அத்தை.

காலையில் நான் பார்த்தபோது, இரண்டு மோட்டார்களின் தலையிலும் கைக்குட்டைகள் இருந்தன. மகளின் பள்ளிக் காலுறைகள் திருகுத்தண்டின்மேல் வரிசையாகக் கிடந்தன. விடிவதற்குள் கரண்ட் போயிருந்தது. மோட்டார்களும் பிடியை விட்டிருந்தன. ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகரும் திருகு, பாலத்தை இழுத்தாலே தானாகச் சுழன்றுவிடும் என்பது அத்தைக்குத் தெரிய நியாயமில்லை. பாலத்தின் வலக்கோடியில் சிக்கியிருந்த ஈர ஸ்வெட்டரை அவர் ஒரே இழுப்பாக இழுத்திருக்கிறார். மூலைவிட்டங்களுக்குள் இப்போது 5 மி.மீ. வித்தியாசம்.

மனைவியாக இருந்தால் சண்டை போடலாம். அவளுடைய அம்மாவிடம் என்ன செய்வது? மிகுந்த மரியாதையோடு, "என்ன அத்தை இது?" என்றேன்.

"சும்மாதானே சுட்டுக்கிட்டு இருந்துச்சு, மாப்பிள்ளை," என்றார்.

துருவுக்குப் பயந்து நான் தண்டில் எண்ணெய் தடவி வைத்திருந்ததால், வெள்ளைக் காலுறைகளில் கறுப்புக் கோடுகள் பதிந்திருந்தன. அவற்றை என் முகத்துக்கு நேரே மனைவி நீட்டினாள். நான் வாங்கி, இழுக்காமல் மேசைமேல் விரித்து, வெர்னியர் வைத்து அளந்தேன். கோட்டுக்குக் கோடு 2 மி.மீ.; சுற்றுக்கு 8 மி.மீ. நகரும்படி நான்கு புரிகள் இணையாக ஓடும் தண்டுக்கு எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே, ஓரிடத்திலும் பிசகில்லை. மலிவு விலையில் வாங்கிய தண்டு இவ்வளவு துல்லியமாக இருப்பதை நான் மகிழ்ச்சியோடு அறிவித்தேன். அந்த மகிழ்ச்சியில் பங்குகொள்ள ஒருவரும் முன்வரவில்லை. மகள் கறுப்புக் கோடுகளோடுதான் பள்ளிக்குப் போனாள்.

கரண்ட் வந்த பிறகு மாமா டயல் கேஜைத் திரும்ப வாங்கிப்போக வந்தார். நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டே அதைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். பிறகு, இன்னும் யாரும் இடம் பிடிக்காத, ஸ்பிண்டிலை மேலும் கீழும் நகர்த்தும் இசட் அச்சு மோட்டாரை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"மோட்டார் டிரைவர்ல கரண்டை இன்னும் கொஞ்சம் கூட்ட முடியுமா தம்பி?" என்று கேட்டபடியே, தலையிலிருந்த மங்கி கேப்பைக் கழற்றினார்.