பித்தளைக்குள் ஒன்றரை மரை: சிட்டி விடெக்குக்கு நாச்சியார்கோயில் கியர் நாப்

கியர் ராடின் தலையில் புது நாப் (கைப்பிடிக் குமிழ்) ஏறிவிட்டது. ஸ்பேனர் போடவில்லை, டெஃப்லான் டேப் சுற்றவில்லை, எம்-சீல் அடைக்கவில்லை. இரண்டு விரலால் சுற்றச் சுற்றத் துளி ஆட்டமில்லாமல் இறங்கி, அடியில் போய் உட்கார்ந்தது. உள்ளே பித்தளைக் கரு, வெளியே பலாமரம், மொத்த எடை 250 கிராம். வண்டி பழைய ஹோண்டா சிட்டி 1.5 விடெக், 2003-இல் அடுத்த தலைமுறை வந்ததோடு நின்றுபோனதே, அந்த வடிவம். ஆர்.சி. புத்தகத்தில் அது செடான். 106 குதிரைத்திறனை அந்த இலேசான வண்டிக்குள் வைத்து ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அது ஸ்போர்ட்ஸ் கார்தான். இதில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை.

பழைய நாபைக் கழற்றுவது பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடையில் விற்கும் "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" நாபை ஏன் வாங்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அவற்றுக்குள் மரையே கிடையாது. ஒரு பிளாஸ்டிக் குழாய், பக்கவாட்டில் மூன்று குட்டி அலன் ஸ்க்ரூ, அவ்வளவுதான். கும்பகோணத்திலிருந்து திருவாரூர் வரைக்கும் இருக்கிற வேகத்தடைகளில் ஏறி இறங்கினால் அந்த ஸ்க்ரூ தளர்ந்துவிடும். மூன்றாவது கியரைத் தேடிக் கையைக் கொண்டுபோகும்போது நாப் தனியாகச் சுற்றினால் வண்டி ஓட்டுகிற சந்தோஷமே போய்விடும். பளபளப்பைக் காசு கொடுத்து வாங்குகிறோம், பிடிமானம் வருவதில்லை.

எடை விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு. போர்ஷே 917 ரேஸ் காரில் எடையைக் குறைக்க பால்சா மரத்தில் நாப் வைத்தார்கள். அதன் நினைவாகத்தான் பின்னாளில் கரேரா ஜிடி-யில் அடுக்குமர நாப் வந்தது. ஹோண்டாவும் 1992 என்எஸ்எக்ஸ்-ஆர்-இல் டைட்டானியம் போட்டது. அதுவும் இலேசான உலோகம்தான். ஆனால் 2020-இல் சிவிக் டைப் ஆர்-க்கு நீர்த்துளி வடிவ அலுமினிய நாபைத் திரும்பக் கொண்டுவந்தபோது, அதற்குள் 90 கிராம் எடைக்கட்டி ஒன்றை வைத்தார்கள். நான் இந்த இரண்டாவது கட்சி. கை தள்ளிவிட்ட வேகத்தை நாபின் எடை தாங்கிப் பிடித்துக்கொள்ளும். சிங்க்ரோ வளையம் (கியர்களின் வேகத்தைச் சமப்படுத்துகிற வளையம்) எதிர்க்கிற அந்த ஒரு நொடியில் அந்த வேகமே கியரை உள்ளே கொண்டுபோய்விடும், கை அழுத்த வேண்டியதில்லை.

அதற்காக எடையை ஏற்றிக்கொண்டே போகவும் கூடாது. 50 மி.மீ. விட்டத்தில் முழுப் பித்தளை உருண்டை கடைந்தால் 550 கிராமைத் தாண்டும். ராடின் அடியில் புஷ் (தாங்கும் வளையம்) தேய்ந்த பழைய வண்டியில் அவ்வளவு எடை ஏற்றினால், மேடு பள்ளத்தில் ராடு தானாக ஆடும், கியர் நழுவவும் வாய்ப்புண்டு. இன்னொன்று நம்ம ஊர் வெயில். கத்திரியில் மதியம் தெருவில் நிறுத்திய வண்டிக்குள் பித்தளையைத் தொட்டுப் பாருங்கள், புரியும். அதே சூட்டில் பக்கத்திலேயே இருக்கிற மரம் கையைச் சுடாது. பித்தளை சூட்டை மரத்தைவிடப் பல நூறு மடங்கு வேகமாகக் கைக்குக் கடத்துகிறது. அதனால்தான் எடை உள்ளே, மரம் வெளியே என்று முடிவு செய்தேன். 28 மி.மீ. தடிமனில் பித்தளைக் கரு, அடியில் 36 மி.மீ. அகலத்துக்கு ஒரு பட்டை, அதன்மேல் முட்டை வடிவத்தில் மரம்.

இனி மரை. இந்த வேலை முழுக்க மரைதான், மற்றதெல்லாம் அலங்காரம்.

ஹோண்டா கியர் ராடின் முனையில் இருப்பது 10×1.5. விட்டம் 10 மி.மீ., ஒரு சுற்றுக்கு ஒன்றரை மி.மீ. இறக்கம். மாஸ்டா எம்எக்ஸ்-5 என்றால் 10×1.25, டொயோட்டா 86 என்றால் 12×1.25. நம்ம பக்கத்து லேத்துப் பட்டறைகளில் கைக்கு எட்டுகிற இடத்தில் இருப்பது 10×1.25 டேப் (துளைக்குள் மரை வெட்டுகிற கருவி), ஏனென்றால் பைக் வேலைக்கு அதுதான் அதிகம் தேவைப்படும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். தவறான மரை முதல் இரண்டு சுற்று சமத்தாக ஏறும், அப்புறம் இறுகும். நான் முதலில் போன பட்டறையில் நடந்தது அதுதான். "புது மரை அப்படித்தான் தம்பி இருக்கும், ஸ்பேனரப் போட்டு ஒரு இழு இழுங்க, வழிக்கு வந்துரும்" என்றார். இழுக்காமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நாப் கெட்டால் இன்னொன்று கடையலாம். ராடின் மரை கெட்டால் இந்த வண்டிக்கு ராடு தேடி எங்கே அலைவது? டிராயிங்கில் 1.5 என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தும் கையில் கிடைத்த டேப்பைப் போடுகிறார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான்.

பிட்ச் கேஜ் (மரை இடைவெளியை அளக்கிற தகடு) இல்லாதவர்களுக்கு ஒரு வழி. ஹார்டுவேர் கடையில் சாதாரண 10 மி.மீ. நட்டு ஒன்று வாங்குங்கள். கடையில் எதுவும் சொல்லாமல் கேட்டால் கொடுக்கிற நட்டு 1.5 மரையாகத்தான் இருக்கும். அது உங்கள் ராடில் விரலாலேயே கடைசிவரை ஏறினால் உங்கள் மரை 10×1.5. பாதியில் இறுகினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். போல்ட் ஒன்றும் சேர்த்து வாங்கி வையுங்கள், அது நாபுக்குள் விட்டுப் பார்க்க.

அந்த போல்ட்டை எடுத்துக்கொண்டுதான் பித்தளைக் குத்துவிளக்குக்குப் பேர்போன நாச்சியார்கோயில் போனேன். இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டிய ஊர் நம்ம ஊர். குத்துவிளக்கைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அடி, தண்டு, தட்டு, பிரபை எல்லாம் தனித்தனியாக வார்த்து, கடைந்து, மரையில் சேர்ப்பதுதான். பித்தளைக்குள் மரை என்பது அங்கே தலைமுறைத் தொழில். பட்டறை அண்ணன் போல்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "விளக்குல ஒண்ணுக்கு ஒண்ணு ஜோடி பாத்துத்தான் மரை போடுவோம் தம்பி. ஒரு விளக்குத் தண்டு இன்னொரு விளக்குல ஏறாது. இதுக்கு ஜோடி எங்க இருக்கு?" வண்டியில் இருக்கிறது என்றேன். "அப்ப வண்டியக் கொண்டாங்க. போல்ட்ட நம்பி நான் மரை போடமாட்டேன்" என்றார். அந்த ஒரு பேச்சிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

வார்ப்பு அவர்கள் வழக்கப்படி வண்டல் மண் அச்சில்தான். கருவோடு சேர்த்து ஒரு நீளக் காம்பையும் வார்த்துவிட்டார்கள். லேத்தில் அந்தக் காம்பைப் பிடித்துக் கடைந்து, துளை போட்டு, மரையும் எடுத்துவிட்டு, கடைசியில்தான் காம்பை வெட்ட வேண்டும். ஒரே பிடியில் எல்லா வேலையும் முடிவதால் துளை மையம் தவறாது. இடையில் கழற்றி மாட்டினால் மையம் போய்விடும், நாப் ராடின்மேல் கோணலாக நிற்கும். வார்த்த பித்தளையில் வருகிற தொல்லை காற்றுக்குழி. வெளியே சுத்தமாக இருக்கும், துளை போட்டு உள்ளே போனால்தான் குழி தெரியும். மரை ஓடுகிற இடத்தில் குழி வந்ததை அண்ணனே ஒதுக்கிவைத்துவிட்டு, மறுபடி உருக்கி வார்த்தார். பேரம் பேசவில்லை, முகம் சுளிக்கவில்லை.

துளைக்கு 8.5 மி.மீ. டிரில். பித்தளையில் டிரில் தானாகவே உள்ளே இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கும், துளை பெருத்துவிடும். அதைத் தடுக்க டிரிலின் வெட்டு விளிம்பைச் சாணைக்கல்லில் இலேசாக ஒற்றித் தட்டையாக்கினார். இழுப்பு நின்றுவிட்டது, சுரண்டிக்கொண்டு நிதானமாக இறங்கியது. ஆழம் 25 மி.மீ., அதில் மரை 20 மி.மீ. கிட்டத்தட்ட 13 சுற்றுப் பிடிமானம். அடி மூடிய துளை என்பதால் மூன்று டேப் கொண்ட செட் வேண்டும். முதல் டேப்பின் பின்முனையை லேத்தின் டெயில்ஸ்டாக் (எதிர்முனைத் தாங்கி) கூரில் தாங்கி, கையால் சுற்றினோம். அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே, சீவலை ஊதிவிட்டு மறுபடி. மூன்றாவது டேப் அடிவரைக்கும் மரையை முடித்துக் கொடுத்தது. டேப் செட் என்னுடையது, திருச்சியில் வாங்கியது. துவாக்குடிப் பக்கம் பெல் ஆலைக்கு வேலை செய்கிற பட்டறைகள் இருப்பதால் திருச்சிக் கடைகளில் நல்ல டேப் கிடைக்கும். மலிவு டேப் வாங்காதீர்கள், துளைக்குள் முறிந்தால் கருவையே தூக்கிப்போட வேண்டியதுதான்.

வண்டியில் மாட்டிப் பார்த்தபோது அடுத்த சிக்கல். மரத்தின் ரேகை முன்னும் பின்னுமாக நேராக ஓட வேண்டும் என்பது என் ஆசை. இறுக்கி நிற்கிற இடத்தில் ரேகைக்கான குறி சுமார் 60 பாகை முன்னாலேயே நின்றுவிட்டது. அடியில் ஒரு லாக் நட்டுப் போட்டால் எந்தக் கோணத்திலும் நிறுத்தலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ராடைச் சுற்றியிருக்கும் தோல் உறைக்கு (பூட்) மேலே நட்டு தெரிவது எனக்குப் பிடிக்காது. கணக்கு சுலபம்: முழுச் சுற்றுக்கு 1.5 மி.மீ. என்றால் 60 பாகைக்கு கால் மி.மீ. கருவின் அடிமுகத்தில் 0.2 மி.மீ. எடுத்தால் போதும், மிச்சத்தைக் கை இறுக்கம் பார்த்துக்கொள்ளும். "ரெண்டு பேப்பர் கனம்தானே?" என்றார் அண்ணன். ஒரு பேப்பர் கனம் எடுத்து வண்டியில் மாட்டினார், திரும்ப வந்து இன்னொரு பேப்பர் கனம் எடுத்தார். குறி நேராக வந்து நின்றது. வெர்னியரைத் தொடவே இல்லை அவர்.

மரம் தஞ்சாவூரில் வீணை செய்கிற பட்டறை ஒன்றிலிருந்து வந்த பலாத் துண்டு. வீணைக்குக் குடம் குடைந்த பிறகு மிஞ்சுகிற துண்டுகள் நாபுக்குத் தாராளம். நன்றாக உலர்ந்த மரம், கடையும்போது மஞ்சள் தூள் பறக்கிறது, நாள்பட நிறம் கறுத்துச் சிவக்கும். கருவை மரத்துக்குள் இறுக்கமாக அடிக்கவில்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் மரம் ஈரம் குடித்து விரியும், சித்திரையில் சுருங்கும். உள்ளே இடம் கொடுக்காத உலோகம் இருந்தால் சுருங்குகிற மரம் வெடித்துவிடும். அதனால் சுற்றிலும் கால் மி.மீ. இடைவெளி விட்டு அரால்டைட் நிரப்பினேன். கருவின் பக்கத்தில் நர்லிங் (சொரசொரப்பான வரிகள்) போட்டு ஒரு காடியும் வெட்டியிருப்பதால் பசை அதில் பற்றி நிற்கும், மரம் தனியாகச் சுற்றாது.

ஓட்டிப் பார்த்தது நாச்சியார்கோயில் – குடவாசல் சாலையில். அறுவடை நேரம், பாதி ரோட்டில் நெல் காய்கிறது, முன்னால் டிராக்டர். இரண்டு, மூன்று, மறுபடி இரண்டு என்று கை ஓயவில்லை. காலையில் எஞ்சின் சூடாகும் முன் இரண்டாவது கியரில் இருந்த அந்த முரண்டு முக்கால்வாசி போய்விட்டது. மூன்றிலிருந்து நான்குக்கு விரல்நுனியால் இழுத்தால் போதும், மிச்சத்தை நாபே முடித்துக் கொடுக்கிறது. இது நான் எதிர்பார்த்ததைவிட அதிகம், மனசு நிறைந்த சந்தோஷம்.

வேலை இன்னும் முடியவில்லை. மரத்துக்கு ஆளி விதை எண்ணெய் மெல்லிசாகப் பூசிப் பூசிக் காயவைத்துக்கொண்டிருக்கிறேன். தேங்காய் எண்ணெய் பூசச் சொல்லிச் சிலர் சொன்னார்கள். அது காயாது, கையில் பிசுபிசுப்பாகவே இருக்கும். பித்தளைப் பட்டைக்கு லாக்கர் அடிக்கப்போவதில்லை, கை வியர்வையில் கறுத்தால் வீட்டில் புளி இருக்கிறது. தோல் பூட் பழையது, புது நாபுக்குக் கீழே அது ரொம்பக் கிழடாகத் தெரிகிறது. அதைத் தைக்க ஆள் தேட வேண்டும். மன்னார்குடி நண்பர் ஒருவர் தன் வண்டிக்கும் கேட்கிறார். அவருடையது வளையத்தைத் தூக்கி ரிவர்ஸ் போடுகிற ரகம், ராடு முனையில் மரை இருக்கிறதா என்றே முதலில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

இதற்கிடையில், சிலை வார்ப்புக்குப் பேர்போன சுவாமிமலை ஆசை வேறு தொற்றிக்கொண்டது. அடிப்பட்டையை மட்டும் மெழுகு வார்ப்பில், சுற்றிலும் தாமரை இதழோடு செய்ய வேண்டும். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மெழுகில் இதழ் செதுக்கி, மேலே காவிரி வண்டல் பூசினால் நகக்கீறல்கூட வார்ப்பில் விழும். உலோகம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை, இரண்டு பங்கு சுருங்கும் என்பதால் 36 மி.மீ. பட்டைக்கு மெழுகை அரை மி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாகவே பெரிதாகச் செய்ய வேண்டும். இதழ் உயரம் ஒரு மி.மீ.க்கு மேல் போனால் சுண்டுவிரலில் உறுத்தும், அதனால் முதலில் வெறும் மெழுகிலேயே செய்து நாபின் அடியில் ஒட்டி, பிடித்துப் பார்க்கப் போகிறேன்.