பிரிண்டர் மை எங்கே போகிறது?

பள்ளிக்கூடம் திறந்தாலே சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே கேள்வி. "வீட்டுக்கு ஒரு பிரிண்டர் வாங்கலாம்னு இருக்கோம், எது மை கம்மியாக் குடிக்கும்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக டைப் அடித்துச் சலித்துப் போச்சு, இனிமேல் கேட்பவர்களுக்கு இந்தப் பதிவின் லிங்க்தான்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, வீட்டு பிரிண்டரில் தீருகிற மை முழுக்கப் பேப்பருக்குப் போவதில்லை. இங்க்ஜெட் பிரிண்டரில் மையைப் பேப்பர்மேல் தெளிக்கிற ஹெட் என்ற பாகத்தில் தலைமுடியைவிட மெல்லிய ஓட்டைகள் நிறைய இருக்கின்றன. அதில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளக் கூடாது என்று மெஷின் தானாகவே அவ்வப்போது கொஞ்சம் மையை இழுத்து வெளியே விடும். ஆன் செய்ததும் கர்ர், டக், டக் என்று கொஞ்ச நேரம் சத்தம் போடுகிறதே, அதில் இந்த வேலையும் சேர்ந்திருக்கலாம். வெளியே விட்ட மை எங்கே போகும்? மெஷினுக்குள்ளேயே ஒரு பஞ்சுப் பட்டைக்கு.

அதைக் கண்ணால் பார்த்தபிறகுதான் எனக்கு இதெல்லாம் மண்டையில் ஏறியது. சேலம் நாலு ரோடு பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் யாருடையதோ ஒரு டேங்க் பிரிண்டரை, அதாவது பாட்டில் மையை ஊற்றிக்கொள்கிற ரகத்தை, திருப்பி வைத்து, பின்னால் ஒற்றை ஸ்குரூவைக் கழற்றி, சின்ன டப்பா ஒன்றை இழுத்தார் அந்தத் தம்பி. உள்ளே மடித்து வைத்த பஞ்சு, கன்னங்கரேலென்று, ஓரத்தில் மட்டும் ஊதாவும் நீலமுமாக. இடுக்கியால் ஒரு மூலையை அழுத்தினார், கீழே விரித்திருந்த தினத்தாளில் மை குபுக்கென்று வந்து பரவியது. "இது பூரா காசுண்ணா, ஒரு பேப்பர்கூட அடிக்காம இங்க வந்து உக்காந்துருக்கு" என்றார். அந்தப் பஞ்சு நிறைந்துவிட்டது என்று மெஷின் கணக்குப் போட்டுவிட்டால் லைட் மினுக்கிக்கொண்டு அடிப்பதையே நிறுத்திவிடும். அப்புறம் பஞ்சை மாற்றி, அந்தக் கணக்கையும் சாஃப்ட்வேரில் ரீசெட் செய்ய வேண்டும். சில புது மாடல்களில் மெயின்டனன்ஸ் பாக்ஸ் என்று நாமே மாற்றிக்கொள்கிற மாதிரி தருகிறார்கள்.

ஆக, மையை மிச்சம் பிடிப்பது என்றால் பாதி வேலை இந்தப் பஞ்சுக்குப் போவதைக் குறைப்பதுதான்.

எங்கள் வீட்டில் இதற்கு முதல் எதிரி அம்மா. ராத்திரி படுக்கப் போகும்முன் டிவி, மிக்சி, பிரிண்டர் என்று சுவர் சுவிட்ச் ஒன்று விடாமல் அணைத்துவிட்டு வருவார். "சும்மாதானே நிக்குது, எதுக்குக் கரண்டு?" நியாயமான கேள்விதான். ஆனால் பிரிண்டரை அதன் சொந்தப் பட்டனில் அணைத்தால்தான் ஹெட் ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடிமேல் உட்காரும். நடுவில் நிற்கும்போது சுவரில் அணைத்தால் திறந்த வாயோடு அப்படியே நின்றுவிடும். சேலத்துச் சித்திரை வெயிலில் ஒரு மூடாத ஹெட் எவ்வளவு நேரம் தாங்கும் என்று நினைக்கிறீர்கள்? காய்ந்தால் ஹெட் கிளீனிங், கிளீனிங் என்றால் மறுபடியும் பஞ்சுக்குத்தான் மை. அதனால் பட்டனை அழுத்தி, லைட் அணைந்து, சத்தம் நின்றபிறகு சுவர் சுவிட்ச். அம்மாவுக்கு இதைச் சொல்லிப் பார்த்தேன், கடைசியில் பிரிண்டர் பிளக்கை அலமாரிக்குப் பின்னால் கை போகாத இடத்துக்கு மாற்றிவிட்டேன்.

அடுத்தது, ஹெட் கிளீனிங் பட்டனைக் கண்டபடி அழுத்துவது. கோடு கோடாக வந்தால் முதலில் நாசில் செக் என்கிற சோதனைப் பக்கத்தை மட்டும் அடியுங்கள், அதற்குச் செலவாகும் மை மிகக் கொஞ்சம். எந்தக் கலர் விட்டுப்போகிறது என்று பார்த்துவிட்டு ஒரு கிளீனிங். மூன்று முறை செய்தும் சரியாகவில்லையா, நிறுத்திவிடுங்கள். 12 மணி நேரம் அணைத்துப்போட்டு மறுநாள் பார்த்தால் காய்ந்த மை ஊறித் தானாக விட்டுக்கொடுத்துவிடுவது உண்டு. கோபத்தில் வரிசையாகப் பத்துத் தடவை கிளீனிங் போடுகிறவர்கள் பாட்டிலைச் சாக்கடையில் ஊற்றலாம், கரண்டாவது மிச்சம். வாரம் ஒருமுறை எல்லாக் கலரும் வருகிற மாதிரி ஏதாவது ஒன்றை அடித்துவிட்டால் இந்தத் தொல்லையே பெரும்பாலும் வராது. டேங்க் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் மையைக் கீழ்க்கோட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். ட்யூபில் காற்று ஏறினால் அதை வெளியேற்ற ஆகும் மை கொஞ்சநஞ்சம் அல்ல.

சரி, எதை வாங்குவது?

கடையில் மிக மலிவாக இருக்கும் கார்ட்ரிட்ஜ் பிரிண்டரை எடுத்துக்கொள்வோம். எச்பி 803 கறுப்புக் கார்ட்ரிட்ஜ் என்றால் சுமார் 190 பக்கம், கலர் சுமார் 165 பக்கம் என்று கம்பெனியே சொல்கிறது. கறுப்புக் கார்ட்ரிட்ஜுக்கு 900 ரூபாய் என்று வைத்தால் பக்கத்துக்கு நாலே முக்கால் ரூபாய் ஆகிறது. இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. இந்தப் பக்கக் கணக்கை எடுக்கும் ஐஎஸ்ஓ 24711 முறையில் பக்கங்களைத் தொடர்ச்சியாக அடித்துக்கொண்டே போவார்கள். நம் வீட்டில் அப்படியா? திங்கள்கிழமை ஒரு ஆதார் ஜெராக்ஸ், அப்புறம் பதினைந்து நாள் கழித்துப் பிள்ளையின் வொர்க்ஷீட். நடுநடுவே பஞ்சுக்குப் போகிற மை அந்தக் கணக்கில் வராது. அதனால் டப்பாவில் போட்டிருக்கும் எண்ணிக்கை நமக்குக் கிடைக்காததில் ஆச்சரியம் இல்லை.

அடுத்து டேங்க் பிரிண்டர். அதில் ஊற்றும் எப்சனின் 003 கறுப்பு பாட்டில் 65 மில்லி, அதற்கு 4500 பக்கம் என்று போடுகிறார்கள். பாட்டில் 400 ரூபாய் என்றே வைத்தாலும் பக்கத்துக்கு 9 பைசா. பாதிதான் நிஜம் என்று கழித்துக்கொண்டாலும் 18 பைசா. மெஷின் விலை பல ஆயிரம் அதிகம், ஆனால் மாதம் நூறு பக்கத்துக்கு மேல் அடிக்கிற வீட்டில் அந்த வித்தியாசம் சீக்கிரமே வந்துவிடும். கூடவே வரும் முதல் செட் பாட்டில் அவ்வளவு பக்கம் வராது, ட்யூபையும் ஹெட்டையும் நிரப்பவே அதில் ஒரு பங்கு போய்விடும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

மாதம் பத்துப் பக்கம், அதுவும் கறுப்பு மட்டும் என்றால் என் ஓட்டு லேசருக்கு. டோனர் என்பது பொடி, அது காயாது. ஆறு மாதம் சும்மா கிடந்தாலும் ஆன் செய்தால் பளிச்சென்று அடிக்கும். எச்பியின் பழைய 12ஏ டோனர் கார்ட்ரிட்ஜ் 2000 பக்கம் வரும், தீர்ந்தால் சேலத்தில் எந்தப் பெரிய ரோட்டில் நின்று விசாரித்தாலும் டோனர் ரீஃபில் செய்கிறவர் ஒருவர் கிடைப்பார். ஒரே ஒரு இடைஞ்சல், லேசர் சூடாகும்போது கரண்டை ஒரேயடியாக இழுக்கும். மாதாந்திரப் பராமரிப்பு என்று ஈபியில் நிறுத்துகிற நாளில் வீட்டு இன்வெர்ட்டரில் அடிக்கலாம் என்று நினைத்தால் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்துவிடும்.

அதைவிடக் குறைவாக அடிப்பவர்கள் பிரிண்டரே வாங்காதீர்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். வருடத்துக்கு நாலு தடவை என்றால் ஜெராக்ஸ் கடைதான் சிக்கனம், பக்கத்துக்கு அஞ்சு ரூபாய் வாங்கினாலும் சரி. கலர் கார்ட்ரிட்ஜ்களைக் காலி செய்வதே பள்ளி புராஜெக்டுகள்தான், தேசத்தலைவர்கள், காய்கறிகள், போக்குவரத்து வாகனங்கள் என்று. ஸ்டேஷனரி கடையில் அதே படங்கள் சார்ட்டாகச் சில ரூபாய்க்குத் தொங்குகின்றன. கத்தரித்து ஒட்டினால் வேலை முடிந்தது.

ஏற்கெனவே கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் ரீஃபில் செய்துகொள்ளலாம், தப்பே இல்லை. 803 மாதிரிக் கார்ட்ரிட்ஜ்களில் ஹெட்டும் சேர்ந்தே இருப்பதால் சில ரீஃபில்லுக்குப் பிறகு தேய்ந்துவிடும், அதுவரை லாபம். ஒரு விஷயம், முழுசாகக் காய்ந்தபிறகு எடுத்துப் போகாதீர்கள், மங்க ஆரம்பித்ததும் போங்கள். அமெரிக்காவில் இந்த ரீஃபில் சண்டை சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனது தெரியுமா? விற்றபிறகு அந்தக் கார்ட்ரிட்ஜ்மேல் கம்பெனி பேடன்ட் உரிமை கொண்டாட முடியாது என்று 2017இல் லெக்ஸ்மார்க் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஆனால் சிப் வைத்து வெளி மையைத் தடுக்கிற பிரிண்டர்களும் உண்டு, வாங்கும்முன் கடைக்காரரிடம் "இதுக்கு ரீஃபில் ஓடுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். டேங்க் பிரிண்டருக்கு மட்டும் நான் ஒரிஜினல் மைதான். 9 பைசா பக்கத்தை 4 பைசா ஆக்கப்போய் ஹெட்டைப் பணயம் வைப்பதில் எனக்கு இஷ்டமில்லை.

செட்டிங்ஸ் பக்கம் சுருக்கமாக. டிராஃப்ட் (மை குறைவாக விட்டு அடிப்பது), கிரேஸ்கேல் (கலர் இல்லாமல் அடிப்பது), இரண்டு பக்கமும், இந்த மூன்றையும் டீஃபால்டாகப் போட்டு வைத்துவிட்டு, வேண்டும்போது மட்டும் மாற்றுங்கள். டியூஷன் சென்டர்களிலிருந்து வரும் நீலப் பின்னணி பிபிடியை அப்படியே அடிப்பது மகா பாவம், பவர்பாயின்டில் பிரிண்ட் கொடுக்கும் இடத்திலேயே ப்யூர் பிளாக் அண்டு ஒயிட் என்று கொடுத்தால் பின்னணி போய்விடும்.

ஃபான்ட் மாற்றினால் மை மிச்சம் என்பது ஓரளவுக்கு உண்மை. 2014இல் அமெரிக்காவில் ஒரு 14 வயது மாணவன், அரசாங்கம் கேரமண்ட் ஃபான்டுக்கு மாறினால் கோடிக்கணக்கில் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டுச் செய்திகளில் எல்லாம் வந்தான். பிறகு ஃபான்ட் ஆட்கள் வந்து, அதே 12 பாயின்டில் கேரமண்ட் எழுத்து சின்னதாக இருக்கிறது, மிச்சம் அதனால்தான் என்றார்கள். தமிழுக்கும் இதே கதைதான். விண்டோஸில் லதாவில் இருப்பதை விஜயாவுக்கு மாற்றிப் பாருங்கள், அதே பாயின்டில் சுருங்கி உட்காரும். அதற்கு லதாவிலேயே சைஸைக் குறைத்துக்கொள்ளலாமே. நமக்கு எழுத்து அகலமாக வருவதால் மையைவிட அதிகமாகப் பேப்பர் மிச்சமாகும்.

பேப்பர் என்றதும் ஏற்காட்டு மச்சான் ஞாபகம் வருகிறார். அங்கே சேலத்துக்கு நேர் எதிரான பிரச்சினை. ஹெட் காய்வது குறைவு, ஆனால் மழை மாதங்களில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும்போது டிரேயில் வைத்த பேப்பர் ஈரம் இழுத்து ஓரம் சுருண்டு நிற்கும். அதில் அடித்தால் எழுத்து விளிம்பெல்லாம் ஊறிப் பரவும், இல்லாவிட்டால் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு உள்ளே போய் ஜாம். மறுபடி அடிக்க மறுபடி மை. கரூர் டிஎன்பிஎல் பேப்பரோ எதுவோ, 75 ஜிஎஸ்எம் நல்லதாக வாங்கி, கட்டைப் பிரித்தபிறகு மிச்சத்தை ஜிப் கவரில் போட்டு, அடிக்கும்போது மட்டும் வேண்டிய தாளை டிரேயில் வையுங்கள். கீழே சேலத்திலும் ஐப்பசியில் இது உதவும்.

கடைசியாக, வீட்டிலிருந்து வியாபாரம் செய்கிறவர்களுக்கு. என் மனைவி இளம்பிள்ளைச் சேலைகளை ஆன்லைனில் விற்கிறாள், ஆரம்பத்தில் கூரியர் விலாசம் எல்லாம் இங்க்ஜெட்டில்தான், ஏ4 தாளில் அடித்து, கத்தரித்து, மேலே டேப் ஒட்டி. இப்போது 4க்கு 6 அங்குல தெர்மல் லேபிள் பிரிண்டர் வந்தபிறகு அந்த வேலைக்கு மையே கிடையாது, சூட்டிலேயே எழுத்து விழுகிறது, ஸ்டிக்கரை உரித்து ஒட்டினால் சரி. ஆனால் அதன் எழுத்து சூட்டிலும் வெயிலிலும் நாளாக நாளாக மங்கும். கூரியர் போய்ச் சேரும் வரை தாங்கினால் போதும் என்கிற விலாசத்தை மட்டும் அதில் அடியுங்கள், பில், வாரன்டி மாதிரி பத்திரமாக வைக்க வேண்டியதை வேண்டாம்.