அவருடைய அறுபதும் மார்செய்ப் பாதையும்

மட்டக்களப்பில் பாதை என்றால் தெருவுக்கு மட்டும் பெயர் இல்லை. வாவியின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஆட்களையும் மோட்டார்சைக்கிளையும் நெல்மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போகும் தட்டையான படகையும் பாதை என்றுதான் சொல்லுவோம். என் கணவர் மண்டூர்க்காரர், வாவிக்கு மேற்கே படுவான்கரை. பாதையேறிக் குருமண்வெளிக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துப் படித்தவர். அவருடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு நாங்கள் இரண்டு பேரும் பிரான்சில் மார்செய் நகரத்துக்குப் போய் வந்ததை எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பாதைதான்.

மகளுடைய பிள்ளைப்பேற்றுக்காகப் பாரிசுக்குப் போயிருந்தோம். செப்டம்பரில் அவருக்கு அறுபது முடிகிறது. மணிவிழா செய்ய எனக்கு ஆசை. அவர் ஒரே பிடியாக வேண்டாம் என்றுவிட்டார். மகளும் மருமகனும் பேசாமல் சனி, ஞாயிறுக்கு ரயில் டிக்கெட்டும் தங்குமிடமும் போட்டுவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் தனியப் போய் வாங்கம்மா, பிள்ளையை நாங்க பார்ப்பம்" என்றார்கள். கலியாணம் முடித்து முப்பத்திரண்டு வருடம். கதிர்காமம், கோணேஸ்வரம் எல்லாம் வான் நிறையச் சனத்தோடு போனவை. நாங்கள் இருவர் மட்டும் ஒரு ஊருக்குப் போய் இரவு தங்கியது இதுதான் முதல் தடவை.

ரயில் மூன்று மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் கொண்டுபோய் விட்டது. மட்டக்களப்பிலிருந்து உதயதேவி ரயிலில் கொழும்புக்குப் போகும் நேரத்தில் பாதி கூட இல்லை, தூரமோ இரண்டு மடங்குக்கு மேல். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் கீழே நகரத்துக்கு இறங்க 104 படிகள். என் முழங்காலுக்காக அவர் படிக்குப் படி நின்று கை கொடுத்தார். தூரத்தில் ஒரு மலையுச்சியில் பொன்பூசிய மாதா சிலை வெயிலில் மின்னிக்கொண்டு நின்றது.

நேரே பழைய துறைமுகத்துக்குப் போனோம். காலையில் பிடித்த மீனைப் படகிலிருந்து இறக்கிக் கரையிலேயே மேசை போட்டு விற்கிறார்கள். நான் கல்லடியில் கடற்றொழிலாளி வீட்டில் பிறந்தவள். மீனைக் கண்டால் எனக்கு மொழி தேவையில்லை. செவுளைத் தூக்கிக் காட்டச் சொன்னேன், விற்ற அம்மா சிரித்துக்கொண்டே தூக்கிக் காட்டினா. இரத்தச் சிவப்பு! நம்மட நகரை மீன் மாதிரிச் சிவந்த மீன், விலாங்கு, முள்ளும் முனையுமாகப் பாறை மீன்கள், எல்லாம் தட்டில் துள்ளிக்கொண்டு கிடந்தன. விலைபோகாத அந்தப் பாறை மீன்களைத்தான் அந்தக் காலத்தில் மீனவர்கள் கரையில் போட்டு அவித்தார்களாம். அதுதான் இன்றைக்குப் பெரிய கடைகளில் பூயாபேஸ் என்ற பெயரில் நல்ல விலைக்குப் போகிறது. நாங்கள் ஒரு சின்னக் கடையில் மீன் சூப் மட்டும் எடுத்தோம். பெருஞ்சீரகமும் குங்குமப்பூவும் மணந்தது. வாட்டிய பாணில் உள்ளியும் மிளகாயும் சேர்த்து அரைத்த கூட்டைப் பூசி அதில் ஊறவிட்டுச் சாப்பிட வேண்டும். புளி மட்டும் இருந்திருந்தால் அம்மாவின் புளியாணத்துக்குப் பக்கத்தில் வந்திருக்கும்.

மீன் மேசைகளுக்குக் கிட்ட, உயரத் தூண்களில் கண்ணாடி போலப் பளபளக்கும் ஒரு பெரிய உருக்குக் கூரை இருக்கிறது. நோர்மன் பொஸ்டர் என்ற கட்டடக்கலைஞர் வடிவமைத்து 2013இல் கட்டியது. அண்ணாந்து பார்த்தால் நாங்கள் இரண்டு பேரும் தலைகீழாக நிற்கிறோம். பிறந்தநாள் படத்தை அதைப் பார்த்துத்தான் எடுத்தோம்.

அதற்குப் பிறகுதான் அவர் அதைக் கண்டார். துறைமுகத்தின் ஒரு கரையில் நகரசபை, எதிர்க்கரை முன்னூறு மீட்டருக்கும் குறைவு. நடுவே ஒரு சின்னப் படகு ஆட்களை ஏற்றிக்கொண்டு போவதும் வருவதுமாக இருக்கிறது. 1880 முதல் இப்படி ஓடுகிறதாம். "இஞ்ச பாரு, நம்மட பாதை!" என்றார். அந்தக் குரலை நான் கேட்டுக் கனகாலம். ஏறினோம். அந்தக் கரையில் இறங்கினோம். திரும்ப ஏறினோம். நாலாம் தடவை "இஞ்சேருங்க, காணும்" என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முன்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற விதத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

அந்தப் படகில் வைத்துத்தான் அவருக்கு ஊர் உண்டான கதையைச் சொன்னேன். கிமு 600 அளவில் போக்கேயா என்ற ஊரிலிருந்து கிரேக்கர் கப்பலில் வந்தார்கள். அன்றைக்கு அந்த நாட்டுத் தலைவனுடைய மகள் ஜிப்டிஸ் விருந்தில் மாப்பிள்ளை தெரிவு செய்யும் நாள். கிண்ணத்தைக் கொண்டுபோய், கப்பலில் வந்த விருந்தாளி புரோட்டிசின் கையில் கொடுத்துவிட்டாள். தகப்பன் நிலம் கொடுத்தான், மார்செய் எழுந்தது என்பது ஐதீகம். "அப்ப அவனும் பெண்சாதியிர வீட்டுக்கு வந்தவன்தான்" என்றார் இவர். எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் வந்து இருப்பார். இவர் கல்லடிக்கு வந்ததும் அப்படித்தான்.

மறுநாள் மாதா கோயிலுக்குப் போக மகள் சொன்ன பஸ்ஸின் இலக்கம் 60. அதற்கு அவர் சிரித்த சிரிப்பு மலை உச்சி வரைக்கும் போகவில்லை, அங்கே காற்று அப்படி. மிஸ்ட்ரால் என்று பெயர். வடக்கே ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக வந்து அடிக்கிற வறண்ட காற்று. "இது இவங்கட கச்சான் காத்து" என்றார், எங்கள் பக்கத்து வறண்ட காற்றை நினைத்து. என் சேலையைப் பிடிக்கவே இரண்டு கை போதவில்லை.

உள்ளே போனதும் காற்றுச் சத்தம் நின்றது. கூரையிலிருந்து சின்னச் சின்னக் கப்பல்கள் கயிற்றில் தொங்குகின்றன. புயலுக்குத் தப்பிக் கரை சேர்ந்தவர்கள் கட்டிய நேர்த்தி. சுவரெல்லாம் நன்றி சொல்லும் சலவைக்கல். 1864இல் அபிஷேகம் செய்யப்பட்ட கோயில், அதிலிருந்து எத்தனை பேர் வந்திருப்பார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில், நாவலடியில், திரும்பி வராதவர்களுக்குத் தூபி கட்டினோம். திரும்பி வந்தவர்களுக்காக நாங்கள் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. அன்றைக்குத் தப்பி வந்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன்.

பின்னேரம் ரயிலுக்கு முன் அவருக்கு இன்னொருக்காப் பாதையில் போக வேண்டும். கீழே வந்தால் படகு கட்டிக் கிடக்கிறது. கரையில் ஒரு பெரியவர் வானத்தைக் காட்டிக் கையை விரித்தார். எனக்குத்தான் மனம் கனத்தது, பிறந்தநாளும் அதுவுமாக. இவர் படகையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "காத்துக்குப் பாதை ஓடாது. மண்டூர்லயும் இப்படித்தான், நடக்க வேண்டியதுதான்" என்று சொல்லி என் பையையும் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். துறைமுகத்தைச் சுற்றி நடந்தே ஸ்டேஷனுக்குப் போனோம்.